சென்னிமலைக்குப் பேசிய மூன்று நிமிடங்கள்

எனக்கு வந்த நோயின் பெயர் குடல் முறுக்கு. இப்போது அதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் யார் கேட்டாலும், "வயித்துல ஒரு கட்டிங்க, எடுத்துப்போட்டாங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். கட்டி என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். மலம், குடல் என்ற பேச்சே அதில் வராது. அப்படி மறைத்ததால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். என் வயிற்றைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் இத்தனை வருடம் தயங்கியிருக்க மாட்டேன்.

சூலூரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் நான் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ஒரு மேஜை, இரண்டு போன், கண்ணாடி போட்ட ஒரு கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர், சுவரோரம் ஒரு பெஞ்சு. காலை ஏழு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் மூடுவேன். விமானப்படையில் வேலை பார்க்கும் வடக்கத்தி ஆட்கள் ஊருக்குப் பேச வருவார்கள். தறிப்பட்டறைக்காரர்கள் பம்பாய்க்குப் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் பழனிசாமி ஒரு பட்டறையில் ஃபிட்டர். பூத்தை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன். மீட்டர் ஓடும்போது எழுந்து போக முடியாது. பூட்டிவிட்டுப் போனால் வந்த ஆள் அடுத்த பூத்துக்குப் போய்விடுவார்.

அந்த வரிசைக் கடைகள் எதற்கும் கழிப்பறை கிடையாது. ஆண்கள் பின்னாலிருந்த காலி இடத்துக்குப் போய் வந்தார்கள். என் வீடு அங்கிருந்து இருபது நிமிட நடை. நான் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர் காபி, பதினொரு மணிக்கு டீக்கடையிலிருந்து ஒரு டீயும் இரண்டு வர்க்கியும். கொண்டுபோன சோற்றைக் கூட்டம் குறைந்த பிறகு மூன்றரை, நான்கு மணிக்குத் தின்பேன். காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் வயிறு கூப்பிடும். அடக்கிக்கொள்வேன். முதல் வருடம் தினமும் கூப்பிட்டது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டது. நான்காவது வருடத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. தொல்லை விட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, இரவில் இரண்டு பேதி மாத்திரை விழுங்கிவிட்டுப் படுப்பேன். பிறகு இரண்டு மூன்றாகி, மூன்று நான்காயிற்று. எட்டு வருடம் இப்படி ஓடியது. எனக்கு வியாதி என்று ஒன்று இருப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லை. பேதி மாத்திரையை அரிசி பருப்பு மாதிரி மளிகைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பங்குனி மாதத்தில் ஒருநாள் காலையில் வயிறு லேசாக உப்பியிருந்தது. வாயு என்று நினைத்து எலுமிச்சை சோடா வாங்கிக் குடித்தேன். மதியத்துக்குள் புடவைக் கொசுவத்தைத் தளர்த்த வேண்டியிருந்தது. வலி வந்தால் துணியைப் பிழிவதுபோல் வயிற்றுக்குள் ஏதோ பிழியும். பிறகு விட்டுவிடும். விட்ட நேரத்தில் போன் போட்டுக் கொடுத்தேன், பில் கிழித்தேன். மூன்று மணிக்குப் பச்சையாக வாந்தி எடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் நங்கையாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, ஆள் அனுப்பினார். கண்ணம்மா நங்கையா ஓடி வந்தார். என் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன அம்மணி, கல்லாட்ட இருக்குது" என்றார். பூத்தை அவரே பூட்டினார். வாடகைக் காரில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மத்தளம்போல் சத்தம் கேட்டது.

"கடைசியா எப்பம்மா வெளிக்கிப் போனீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வார்டு பாய்கள் நின்றார்கள். நான், "நேத்துங்க" என்றேன்.

"காத்துப் பிரியுதா?"

"பிரியுதுங்க."

இரண்டும் பொய். ஆறு நாள் ஆகியிருந்தது. காற்று முந்தைய இரவிலிருந்து பிரியவில்லை. உயிர் போகிற வலியிலும் என் வாயில் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. நங்கையா என் முகத்தைப் பார்த்தார். தம்பியின் கையைப் பிடித்து, "நீ வெளிய நில்லு சாமி" என்று அனுப்பினார். வார்டு பாய்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு என் காதருகே குனிந்து, "பீதான அம்மணி, சொல்லு" என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

எக்ஸ்ரே படத்தைப் பெரிய டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயிற்றுக்குள் பெரிய கறுப்பு வளையம் ஒன்று, காற்றடித்த சைக்கிள் ட்யூபை மடக்கி வைத்தாற்போல் தெரிந்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதி, மலம் வெளியேறுவதற்கு முன் தங்குகிற இடம், வருடக்கணக்காக நிறைந்து நிறைந்து நீண்டு தொங்கிவிட்டதாம். தொங்கினது தன்னையே சுற்றி முறுக்கிக்கொண்டது. முறுக்கினால் மலமும் போகாது, காற்றும் போகாது, ரத்த ஓட்டமும் நின்றுவிடும். கீழிருந்து குழாய் விட்டுப் பிரித்துப் பார்ப்போம், பிரியாவிட்டால் ஆபரேஷன் என்றார். குழாய் விட்டார்கள். அது போகவில்லை.

"குடல் கறுத்துப் போயிருந்தா அந்தப் பகுதியை எடுத்தாகணும்மா. உடனே ஒட்டினா ஒட்டாது. அதனால குடலோட முனையை வயித்து மேல வெளிய கொண்டுவந்து வெச்சிருவோம். அதுல ஒரு பை மாட்டிக்கணும். மூணு மாசம் கழிச்சு உள்ள சேர்த்து ஒட்டிரலாம்."

பை என்று அவர் சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அவர் அழுத்தியதில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் கொண்டுவந்தார்கள்.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். தொண்டை காய்ந்து ஒட்டியிருந்தது. எட்டு வருடம் வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீரை நினைத்து நினைத்து நாக்கு துடித்தது. ஐந்து நாள் ஒரு சொட்டு தரவில்லை. நங்கையா பஞ்சை நனைத்து உதட்டில் தடவுவார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் போர்வையை விலக்கி வயிற்றைப் பார்த்தேன். இடது பக்கத்தில் ரோஜா நிறத்தில், ஈரமாக, சின்னதாக என் குடல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் பை. அதற்கு அடக்கத் தெரியாது. எப்போது தோன்றுகிறதோ அப்போது தன் வேலையைச் செய்தது. எட்டு வருடம் நான் பூட்டிவைத்தது இப்போது என் வயிற்றின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது என்று நினைத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதேன்.

"ஏனுங்க அம்மணி, பை வெச்சுட்டாங்கன்னா அழுவறீங்க? எனக்கும் வெச்சிருக்குது பாருங்க" என்று ஒரு குரல் கேட்டது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ருக்குமணியக்கா. ஐம்பது வயதுக்குக் கிட்டே இருக்கும். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை போட்டிருந்தவர். என்னைப்போலவே காலையிலிருந்து இரவுவரை ஒரே இடத்தில் உட்கார்ந்து பிழைத்தவர். "கொய்யா, பப்பாளி, வாழைப்பழம்னு ஊருக்கெல்லாம் வித்தேன். எனக்கு டீயும் பன்னுந்தான். ஒரு பழம் தின்னா ஒரு பழம் நட்டம்னு கணக்கு" என்று சிரித்தார்.

அவருடைய பையிலிருந்து சத்தம் வந்தால், "இந்தா, பொள்ளாச்சி பஸ் கெளம்பிருச்சு" என்பார். என்னுடையது சத்தம் போட்டால், "இது பல்லடம் வண்டி" என்பார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வார்டில் நான் சிரித்தது அவரால்தான்.

பையை எப்படிக் கழற்றுவது, சுத்தம் செய்வது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். எனக்குக் கை வரவில்லை. நங்கையாதான் செய்தார். ஒரு பையை ஒரு தடவையில் தூக்கி எறிய அப்போது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கழுவிக் காயவைத்துத்தான் மறுபடி மாட்ட வேண்டும். முகத்தைச் சுளிக்காமல் கழுவுவார். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "உன்ற புள்ளைக்கு நாந்தான பீத்துணி தொவச்சேன். அப்ப ஒண்ணும் சொல்லல?" என்பார். என் வீட்டுக்காரர் எக்ஸ்ரே உறையை விசிறியாக்கி, மணிக்கணக்கில் விசிறிக்கொண்டிருப்பார். பத்தாம் நாள் தானே எழுந்து, "எப்படின்னு எனக்கும் காட்டுக்கா" என்று அக்காவிடம் பையை மாட்டக் கற்றுக்கொண்டார்.

பெரிய டாக்டர் ஒரு மத்தியானம் என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன சாப்பிடுவேன், எத்தனை டம்ளர் தண்ணீர் குடிப்பேன் என்று எல்லாம் கேட்டார். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்: வயிறு கூப்பிடுவது குடல் நமக்குக் கொடுக்கும் தகவல். திரும்பத் திரும்பக் காதில் வாங்காமல் விட்டால் அது சொல்வதை நிறுத்திவிடும். மலம் அங்கேயே தங்கினால் அதிலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சி உறிஞ்சிக் கல்லாக்கும். மாத்திரை போட்டு விரட்டிக்கொண்டே இருந்தால் குடல் தானாக நகரும் வழக்கத்தை மறக்கும். எல்லோருக்கும் முறுக்கிக்கொள்ளாது, என் குடல் நீளம், அதனால் முறுக்கிக்கொண்டது. "மலச்சிக்கல்னு சொல்ல வெக்கப்பட்டுட்டு எட்டு வருசம் இருந்தீங்க. எங்கிட்ட வந்திருந்தா எட்டு நிமிசத்துல பேசி முடிச்சிருப்போம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மனதில் இருக்கிறது.

ருக்குமணியக்காவிடமும் அவர் பேசுவார். ஆனால் அங்கே ஸ்டூலை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வார், குரல் கேட்காது. அக்காவுக்கு இரண்டு வருடமாக மலத்தில் ரத்தம் போயிருந்தது. மூலம் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டில் விற்ற களிம்பை வாங்கிப் போட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. வழி முழுக்க அடைத்துக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பெருங்குடலில் புற்று என்று பதில் வந்தது. கல்லீரலுக்கும் போயிருந்தது.

அதைக் கேட்ட நாள் அவர் எந்தப் பஸ்ஸையும் கிளப்பவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளை முடிந்து, அவர் வீட்டுக்காரர் டீ குடிக்கக் கீழே போன சமயத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, நீ போன் பூத்துக்காரிதான? எனக்கொரு போன் போடோணும்."

"யாருக்குங்க்கா?"

"என்ற தங்கச்சி மயிலாத்தாளுக்கு. சென்னிமலைல இருக்கறா. போன தீவாளிக்கு வந்தப்ப, அவளுக்கும் ரத்தம் போகுதுன்னு எங்கிட்டச் சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மூலந்தான், கருணைக்கெழங்கு வாங்கித் தின்னுன்னு சொல்லிப்போட்டேன்."

தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டு மேலே சொன்னார்.

"இங்க என்னையப் பாக்க ஒரு நடை வந்தா. அப்ப எனக்கே என்னன்னு தெரியாது. இப்பத்தான தெரியுது. டாக்டரு கேக்கறாரு, கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் இப்படி இருக்குதான்னு. என்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னா அவரு அவ புருசங்கிட்டச் சொல்லோணும். ரெண்டு ஆம்பளைக இதப் பேசிக்குவாங்களா? பேசிக்க மாட்டாங்க. பொம்பளைக்குப் பொம்பளை சொன்னாத்தான் ஆகும். நீ சொல்லிப்போடு கண்ணு. உடனே வந்து காட்டச் சொல்லு."

சரி என்றேன். மயிலாத்தாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெட்ஷீட் வியாபாரி ஒருவரின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பக்கத்து வீட்டுப் போனில் பேசினார்கள். நாலைந்து நாளில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ருக்குமணியக்கா என் கையைப் பிடித்து, "மறந்தராத" என்றார்.

மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

வீட்டில் மூன்று வாரம் படுத்திருந்தேன். பிறகு பூத்தைத் திறந்தேன். புடவைக்குள் பை. வாடை வருகிறதோ, யாருக்காவது தெரிகிறதோ என்று நொடிக்கு நொடி பயம். இரண்டு ஊதுபத்தியை அணையவிடாமல் கொளுத்தி வைத்திருந்தேன். நான்காம் நாள் சாயங்காலம் சீட்டை எடுத்து அந்த நம்பரைப் போட்டேன். கூண்டுக்குள் ஒரு வடக்கத்தி ஆள் பேசிக்கொண்டிருந்தார். நான் மேஜைப் போனில்தான் பேச வேண்டும். பெஞ்சில் நான்கு ஆண்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

வியாபாரி எடுத்தார். "மயிலாத்தாளுங்களா? இருங்க, கூப்பிடச் சொல்றேன்" என்றார். காத்திருந்தேன். மூச்சு வாங்க ஒரு குரல் வந்தது.

"அக்காளுக்கு என்னங்க? எப்படி இருக்குது?"

"அக்கா இருக்காங்க. ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டல்ல இருந்தேனுங்க, நான் சாந்தாமணி. அக்காதான் உங்களுக்குப் பேசச் சொன்னாங்க."

"சொல்லுங்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு வேறு எதுவும் அங்கே இல்லை.

"உங்க ஒடம்பு எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தாமதம். "எனக்கென்னங்க. நல்லாத்தான் இருக்கறேன்."

"அக்கா உங்களை ஆஸ்பத்திரில ஒரு நடை காட்டச் சொன்னாங்க."

"எதுக்குங்?"

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம் என்று சொல்ல வேண்டும். மலத்தில் ரத்தம் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். புடவைக்குள் என் பை சத்தம் போட்டது. பெஞ்சில் ஒருவர் தலையைத் திருப்பினார்.

"சும்மா, பொதுவாத்தானுங்க" என்றேன்.

"செரிங்க. கோயில் நோம்பி முடியட்டும், பாக்கலாம்" என்றாள்.

வைத்துவிட்டேன். மூன்று நிமிடம் என்று மீட்டர் காட்டியது. ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தடவை போன் போடவில்லை. போட்டால் முதல் தடவை சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அது இன்னும் கனமாகிக்கொண்டே போனது. சீட்டை மேஜை டிராயரின் அடியில் வைத்தேன்.

மூன்றரை மாதம் கழித்துக் குடலை உள்ளே சேர்க்க மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிச்சக் குடல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கீழ்வழியாக வெள்ளை மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்த மருந்தோடு உருண்டு புரண்டு படுத்திருந்தபோது, பழக்கமான நர்ஸ் ஒருவரிடம் ருக்குமணியக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்க போய் ரெண்டு மாசம் ஆச்சேம்மா."

"அவங்க தங்கச்சி யாராச்சும் இங்க காட்ட வந்தாங்களா?"

"அப்படி யாரும் வந்த மாதிரி தெரியலையே."

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குடல் ஒட்டிவிட்டதா என்பதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. டாக்டர்கள் காலையும் மாலையும் வந்து அதைத்தான் கேட்டார்கள். நான்காம் நாள் காலையில் அது நடந்தது. நங்கையா கை கூப்பி மேலே பார்த்தார். என் வீட்டுக்காரர் வெளியே ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு, "பல்லடம் வண்டி" என்ற குரல்தான் கேட்டது.

தையல் பிரித்த மறுவாரம், வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும், நங்கையாவைக் கூட்டிக்கொண்டு காங்கேயத்தில் பஸ் மாறிச் சென்னிமலைக்குப் போனேன். தறிச் சத்தம் வந்த வீதியில் விசாரித்துப் போனோம். மயிலாத்தாள் வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதுக்காரி. ரவிக்கை தோளில் தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தாள். உள்ளே தறியில் அவள் புருஷன். மகள் கோகிலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்தத் தடவை நான் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. அவள் புருஷன் கேட்க, மகள் கேட்க, வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் கேட்கச் சொன்னேன். "உங்களுக்கு மலத்துல ரத்தம் போகுதுன்னு அக்கா சொன்னாங்க. அக்காளுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. அது மூலமில்லைங்க."

தறி நின்றது. மயிலாத்தாள் நூலைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அன்னைக்குப் போன்ல இதச் சொல்லத்தான் கூப்புட்டீங்களா?"

"ஆமாங்க."

"நானும் சொல்லலாம்னுதான் நெனச்சேனுங்க. கடைக்காரரு பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாரு."

மறுநாளே கோயமுத்தூருக்கு வந்தார்கள். விளக்கும் கண்ணாடியும் பொருத்திய வளையும் குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். இருந்தது. புற்றை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குடலை ஒட்டியிருந்த நெறிக்கட்டிகளுக்கும் போயிருந்தது என்றார்கள். நான் பெரிய டாக்டரைத் தனியாகப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்காகப் பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. "சொல்ல முடியாதும்மா. அப்பவே போயிருக்கலாம். போகாமயும் இருந்திருக்கலாம்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் நான் இன்னும் இருக்கிறேன்.

மயிலாத்தாள் அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே உயிரோடு இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் முதல் நாளே சூலூரில் என் வீட்டுக்கு வந்து தங்குவாள். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. கடைசித் தடவை வந்தபோது, நான் காய்ச்சிக் கொடுத்த கம்பங்கூழை இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க சொல்லியிருந்தா நான் அன்னைக்கே வந்திருப்பேன் அம்மணி" என்றாள். பிறகு, "நான் சொல்லியிருந்தா நீங்களும் கேட்டிருப்பீங்க" என்றாள். அவள் சமமாகப் பங்கு பிரித்துக் கொடுத்தாள். என்னால் அப்படிப் பிரித்துக்கொள்ள முடியவில்லை.

என் பழக்கங்கள் எல்லாம் மாறிவிட்டன. எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், பிறகு அவசரமில்லாமல் கழிப்பறை. வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரத்துக்குப் போய் உட்கார்ந்ததில், நான்கைந்து மாதத்தில் வயிறு மறுபடி கூப்பிட ஆரம்பித்தது. வெள்ளைச் சோற்றைக் குறைத்தேன். ராகிக் களி, கம்பு, தினம் ஒரு கீரை, மத்தியானம் மோர். ஒரு மணிக்கு யார் வந்து நின்றாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பேதி மாத்திரை வீட்டிலேயே இல்லை. சாயங்காலம் அரை மணி நேரம் நானும் என் வீட்டுக்காரரும் நடக்கிறோம். பூத்துக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு கழிப்பறை கட்டினோம். வரிசைக் கடைப் பெண்கள் எல்லோருக்கும் அதன் சாவி எங்கே தொங்குகிறது என்று தெரியும். இவ்வளவு செய்தும், தண்ணீர்ச் சொம்பைத் தூக்கும்போது சில நாள் ஒரு மூச்சு வாங்குகிற குரல், "எதுக்குங்?" என்று கேட்கிறது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன்.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வந்திருப்பதால் கோகிலாவுக்கும் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மயிலாத்தாள் இறந்து ஒரு வருடம் முடிந்ததும் நான் சென்னிமலைக்குப் போய்க் கேட்டேன். கோகிலாவுக்கு அப்போதுதான் ஈரோட்டுப் பக்கம் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அவள் அப்பா, "கல்யாணம் ஆவாத புள்ளைக்கு அந்த டெஸ்ட்டெல்லாம் பண்ணுனா, அவிய என்ன நெனைப்பாங்க?" என்றார். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கோகிலா, "நான் போறேனுங்கப்பா" என்றாள்.

முதல் நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீர் மட்டும். சாயங்காலம் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து நீரைக் குடித்துவிட்டு என் வீட்டில் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால், காத்திருக்கும் இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். யாரோ சொல்லித் தெரிந்து நேராக வந்துவிட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. நானும் கோகிலாவின் அப்பாவும் அவருக்கு எதிரில் உட்கார்ந்தோம். நாற்பது பேராவது அந்தக் கூடத்தில் இருந்திருப்பார்கள். என்ன வியாதி என்று அந்த அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று மனம் தானாகத் தேடியது. கட்டி என்ற பழைய சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இத்தனைக்குப் பிறகும் வந்து நின்றது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கோகிலா நர்ஸின் கையைப் பிடித்தபடி வந்தாள். மயக்க மருந்தில் கண் சொருகியிருந்தது. அந்த அம்மா எழுந்து, "என்ன கண்ணு, என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

கோகிலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"என்ற மலக்குடலுக்கு மேல கடுகாட்ட ஒரு முளை இருந்துச்சுங்க அத்தை. உட்டிருந்தா பின்னால புற்றாயிருக்குமாம். குழாயிலயே எடுத்துட்டாங்க. இனி மூணு வருசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கோணுங்க."

அந்த அம்மா, "செரி, மொதல்ல உக்காரு. ஏதாச்சும் குடிக்கலாமான்னு கேளு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தைக்குப் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள். காத்திருந்த அத்தனை பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.